கீறியா?

பச்சை மிளகாயைச் சாம்பாரில் கீறித்தான் போட வேண்டும். முழுதாகப் போட்டால் காரம் இறங்காது. பொடியாக நறுக்கினால் விதையெல்லாம் மிதந்து சாப்பிடுகிறவர் பல்லில் மாட்டும். காம்பைக் கிள்ளிவிட்டு, நடுவில் கத்தி முனையால் ஒரு கீறு, அவ்வளவுதான். திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து கல்யாணமாகி ஆவடிக்கு வந்தபோது எனக்குச் சமையலில் உருப்படியாகத் தெரிந்தது அந்த ஒன்றுதான். அதற்கே வந்தது வினை.

என் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டினார். ஆவடியை ஒட்டிய கோவில்பதாகையில் அவர்கள் பரம்பரையாக நெல் விளைத்த குடும்பம். நான் வந்தபோது நிலத்தில் பாதி மனைகளாகி, மிச்சத்தில் எருமை மேய்ந்துகொண்டிருந்தது. கல்யாண லீவு முடிந்து அவர் வேலைக்குப் போன முதல் நாள், சாயங்காலம் கேட்டின் கொண்டி 'கிளாங்' என்று விழுந்தது. வாசலில் நின்றபடியே, "இன்னாமே, கீறியா?" என்று குரல் கொடுத்தார்.

அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. மிளகாய் கீறுகிறாயா என்று கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் ஆண்பிள்ளைகள் சாம்பாரைப் பற்றி யோசிப்பதே இலைமுன் உட்கார்ந்த பிறகுதான். இவர் வாசலிலேயே விசாரிக்கிறாரே, காரம் ரொம்பப் பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்து, "கீறுதேன்" என்று பதில் சொல்லிவிட்டுக் கூட நாலைந்து மிளகாயைக் கீறிப் போட்டேன். மறுநாளும் அதே கேள்வி. நேற்றுப் போட்டது பற்றவில்லை என்று இன்னும் கொஞ்சம் கீறினேன். அதற்கடுத்த நாளும் கேட்டார். அந்த வாரக் கடைசியில் மாமியார் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய, "இன்னாடா இது, ஒம் பொண்டாட்டி நம்மள ஒழிச்சுக்கட்றதுக்குன்னே வந்துகீறாளா?" என்று மகனைக் கேட்டார்.

நான் அழுதுவிட்டேன். "அவங்கதான் தெனமும் வாசல்ல நின்னுக்கிட்டு கீறியா கீறியான்னு கேக்காங்க. நான் என்ன செய்ய?" என்றேன்.

கொஞ்ச நேரம் யாருக்கும் விளங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கொழுந்தனுக்குத்தான் முதலில் பிடிபட்டது. அவருடைய ஒரே தம்பி. பூந்தமல்லிக்கும் திருவேற்காட்டுக்கும் நடுவே ஷேர் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். புரையேறி, தலையைத் தட்டிக்கொண்டு, "ஐயோ அண்ணி, கீறியான்னா இருக்கியான்னு அர்த்தம். மொளகா இல்ல" என்றார். அன்று அந்த வீட்டில் எழுந்த சிரிப்பை நான் ஒரு மாதத்துக்கு மன்னிக்கவில்லை.

என் தொழிலை வேறு சொல்லிவிடுகிறேன். நான் தமிழாசிரியை. அம்பத்தூரில் ஒரு பள்ளியில் வருடக்கணக்காகப் பகுதி, விகுதி, சந்தி என்று பிள்ளைகளைப் படுத்தி எடுத்தவள். 'இருக்கிறேன்' என்ற முழுச் சொல்லைத் தேய்த்துத் தேய்த்துக் 'கீறேன்' என்று ஆக்கி வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு நான் மருமகள். ஊரார் சிரிக்க இதைவிட வேறென்ன வேண்டும்.

ஒருநாள் அவரையே கேட்டேன். "வீட்டுக்குள்ள இருக்கிறவளப் பாத்து இருக்கியான்னு கேக்கிறது என்ன கேள்வி? நான் எங்க போயிடுவேன்?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடி, "கேக்கணும்மே. கேட்டாத்தான் ஊட்டுக்கு வந்த மாரி கீது" என்றார்.

அதன்பிறகு அது எங்களுக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது. கொண்டி விழும். "இன்னாமே, கீறியா?" என்பார். நான் உள்ளே இருந்து, "என்னத்தக் கீற? தேங்காயையா, மாங்காயையா?" என்பேன். சிரித்துக்கொண்டே உள்ளே வருவார். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் இது மட்டும் புளிக்கவில்லை. சண்டை போட்டுப் பேசாமல் இருக்கிற நாட்களிலும் அந்தக் கேள்வி வந்துவிடும். "மூஞ்சியக் கீறுவேன்" என்று நான் உள்ளே இருந்து கத்துவேன். அதோடு சண்டை பாதி தணிந்துவிடும். மீதியைச் சாப்பாடு பார்த்துக்கொள்ளும்.

எங்கள் ஒரே மகள் பேசத் தொடங்கிய வயதில் அப்பாவைப் பார்த்து, "கீறேன், கீறேன்" என்று வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தாள். நான் விடவில்லை. "இருக்கேன்னு சொல்லுட்டி" என்று திருத்தித் திருத்தி, அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே வெற்றியாக அவளை நல்ல தமிழ் பேச வைத்தேன். அவருக்கு அதில் வருத்தமில்லை. என்மேல்தான் குறியாக இருந்தார். "ஒரு நாளு நீயே கீறேன்னு சொல்லுவ பாரு" என்பார்.

"செத்தாலும் சொல்ல மாட்டேன்."

"பாக்கலாம்மே, பாக்கலாம்."

வேலையில் இருந்து ஓய்வு பெற்று வந்த புதிதில் அவர் கூண்டில் விட்ட எலி மாதிரி கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். உடம்புக்கு ஏதோ என்று பயந்தேன். விஷயம் அதுவல்ல. நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கிறவர் எப்படி வந்து கேட்பது? கொஞ்ச நாளில் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். சாயங்காலம் வெயில் இறங்கியதும் சட்டையை மாட்டிக்கொண்டு, "கறிவேப்பில வாங்கிகினு வரேன்" என்று கிளம்பிவிடுவார். கறிவேப்பிலைக் கொத்தோடு இருட்டுகிற நேரத்தில் வருவார். கொண்டி விழும். கேள்வி வரும். எங்கள் பிரிட்ஜில் கறிவேப்பிலை காய்ந்து குப்பையாகக் கிடக்கும். ஒரு கன்று வாங்கி வைத்தால் தீர்ந்தது என்று ஒருநாள் சொன்னேன். பதறிவிட்டார். "கறிவேப்பில ஊட்லயே கீதுன்னா நான் இன்னாத்துக்கு வெளிய போறது?" என்றார். மூலைக்கடைக்கும் எங்கள் வீட்டுக்கும் அத்தனை தூரமில்லை. போய்வர அவ்வளவு நேரம் எதற்கு என்று நான் கேட்டதில்லை. ஆண்பிள்ளை, எங்காவது டீக்கடையில் நிற்பார் என்று விட்டுவிட்டேன்.

அவர் போனது ஆடி மாதம். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். அடுத்த தெருவில் இருந்த கொழுந்தனுக்குப் போன் செய்தேன். அவர் ஒரு ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். ஆவடி மார்க்கெட்டைத் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்திருந்த தலை கனத்துவிட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. கொழுந்தன் முன்சீட்டில் உட்கார்ந்து, "சீக்கிரம் போ நைனா, சீக்கிரம் போ" என்று ஆட்டோக்காரரிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

முந்தின நாள் சாயங்காலமும் அவர் கேட்டார். நானும் பதில் சொன்னேன். தேங்காய் என்றேனா, மாங்காய் என்றேனா, நினைவில்லை. எத்தனை யோசித்தும் வரவில்லை. அது ஒரு சாதாரண நாள், அவ்வளவுதான். சாதாரண நாட்களை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

காரியம் முடிந்து உறவுகள் கிளம்பின. மகள் கொஞ்ச நாள் கூட இருந்துவிட்டுப் பெங்களூருக்குத் திரும்பினாள். அவளுக்கும் வேலை இருக்கிறது, கைக்குழந்தை இருக்கிறது. "எங்கூட வந்துடும்மா" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை என்று அவளுக்குக் குரலிலேயே தெரிந்துவிடும். இப்படியே போனால் வந்து கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று மிரட்டினாள். பிறகு அவள் படித்தவள் ஆயிற்றே, ஒரு வைத்தியமும் வைத்திருந்தாள்.

"பெரிசா ஒண்ணும் வேணாம்மா. சின்னச் சின்னப் பழக்கம். தெனமும் ஒரே நேரத்துல பண்ணு. மனசு தானா அமைதியாகும். நீ அமைதியா இருக்கேன்னு தெரிஞ்சா நான் உன்ன அங்கயே விட்டுடறேன்."

என் போனில் ஒரு ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள். அது வேளாவேளைக்கு மணியடிக்கும். சொன்னதைச் செய்துவிட்டுத் தொட்டால் திரையில் ஒரு பச்சை இலை முளைக்கும். முதல் நாள் காலையில் மணியடித்து, 'இன்று தன்னீர் குடித்தீர்களா?' என்று கேட்டது. தண்ணீருக்கு மூன்று சுழி போடத் தெரியாதவன் எனக்கு வாழ்க்கை சொல்லித்தர வந்துவிட்டான். சிவப்பு மையால் திருத்த முடியாதே என்று எனக்குக் கை பரபரத்தது. தண்ணீரைக் குடித்தேன். இலை முளைத்தது.

எதையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை. சொன்னதை எல்லாம் செய்தேன். காலை வெயிலில் உட்கார்ந்தேன். மூச்சை இழுத்து, நிறுத்தி, விட்டேன். ஏரிக்கரையில் நடந்தேன். அங்கே காதில் எதையோ சொருகிக்கொண்டு நடக்கிற புது அடுக்குமாடிக்காரர்கள் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. ஒரு செடி வளர்க்கச் சொன்னாள். நர்சரிக்காரர் கறிவேப்பிலைக் கன்றை எடுத்து நீட்டினார். "அது மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் செம்பருத்தி வாங்கி வந்தேன். காலைப் பொழுதுகள் மெல்ல ஓடத் தொடங்கின என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எழுந்தோமா, வாசல் தெளித்தோமா, நடந்தோமா என்று கைகால் தானாகப் போனது. மனசு பின்னால் இழுபட்டுக்கொண்டே வந்தாலும் வந்துவிட்டது. மகளிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டாள்.

சாயங்காலத்தைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வெயில் இறங்கும். அடுக்களையில் நான் எது செய்துகொண்டிருந்தாலும் காது கேட்டுக்குப் போய்விடும். டிவியைச் சத்தமாக வைத்தேன். தெருவில் எந்த வீட்டுக் கேட் திறந்தாலும் டிவியைத் தாண்டிக் கேட்டது. பச்சை மிளகாய் கீறுவதையே விட்டுவிட்டேன். சாம்பாருக்கு மிளகாய்ப் பொடி, ரசத்துக்கு மிளகு. கத்தியை எடுத்தாலே வாய் ஒரு பதிலைத் தயார் செய்தது. கேட்க ஆளில்லாத பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வீட்டில் இருந்தால்தானே இந்த வம்பு என்று சாயங்காலங்களில் வெளியே கிளம்பினேன். ஆவடி ஸ்டேஷனுக்குப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். ரயில்கள் வரும், கூட்டம் இறங்கும், எல்லோரும் வீட்டுக்குப் பறப்பார்கள். ஆனால் வெளியே போனால் திரும்பி வர வேண்டியிருக்கிறது. இதை நான் யோசிக்கவில்லை. ஒருநாள் இருட்டிய பிறகு வந்து, நானே கொண்டியைத் தூக்கி, நானே போட்டேன். கிளாங் என்றது. அப்படியே நின்றேன். உள்ளே ஒரு விளக்குகூட எரியவில்லை. கேட்கிற இடத்தில் இப்போது நான் நிற்கிறேன், பதில் சொல்ல உள்ளே யாருமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன். மறுநாளில் இருந்து ஸ்டேஷனுக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

அந்த நாட்களில்தான் கொழுந்தன் வந்தார். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அடுத்த தெருவில், அவர்களுக்கிருந்த இன்னொரு பழைய வீட்டை இடித்துக் கட்டிய அடுக்குமாடிக்குப் பின்னால், பாகத்தில் வந்த ஒற்றை அறையில் தனியாக இருக்கிறார். முழங்கால் போனபிறகு வேன் ஓட்டுவதையும் விட்டாயிற்று. அண்ணன் போனதில் இருந்து என் முன்னால் வரத் தயங்கியவர், அன்று ஒரு பால் பாக்கெட்டோடு வந்து கொண்டியைத் திறந்து, வாசலில் நின்றபடி குரல் கொடுத்தார்.

"அண்ணி, கீறீங்களா?"

அண்ணன் தம்பிக்கு ஒரே குரல். எனக்கு அது அத்தனை வருடமும் தெரியாது. அவர் இருக்கும்போது இவர் குரலை யார் கவனித்தார்கள்? என் கையில் இருந்த பாத்திரம் கீழே விழுந்தது. ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். வாசலில் கொழுந்தனைப் பார்த்ததும் எங்கிருந்து வந்தது என்று தெரியாத கோபம் வந்தது.

"இந்த வாசல்ல நின்னு அத மட்டும் கேக்காதிய தம்பி. இனிமே கேக்கவே கேக்காதிய" என்று கத்தினேன். பல வருடமாக நான் மறந்திருந்த என் ஊர்ப் பேச்சு அது.

அவர் பாலைப் படியில் வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தெருவில் நடந்து போனார்.

மறுநாள் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். கொண்டியை இரண்டு தட்டுத் தட்டினார். பால் பையைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்கு மறுநாளும் அப்படியே. தினமும் அதே நேரத்துக்கு இரண்டு தட்டு, ஒரு பால் பை, ஒரு வார்த்தை கிடையாது. நானும் வெளியே போய்ப் பார்ப்பதில்லை. அவர் தெருமுனை தாண்டியிருப்பார் என்று கணக்குப் போட்டு எழுந்துபோய்ப் பையை எடுப்பேன். அதைக் காய்ச்சி டீ போடுவேன். டீயைக் குடித்தபிறகு சமைப்பேன். சமைத்தால் சாப்பிடத்தானே வேண்டும், சாப்பிடுவேன். மகளிடம் பேசுவேன். படுப்பேன். எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை, சாயங்காலமும் நகரத் தொடங்கியிருந்தது. ஆப்பில் இலைகள் வரிசையாக முளைத்தன. "பாத்தியாம்மா, நான் சொன்னேன்ல?" என்றாள் மகள். ஆமாம் ஆமாம் என்றேன். நான்கூட ஆப்தான் காரணம் என்று நம்பினேன்.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்ட வாரம் அது. ஒருநாள் தட்டு கேட்கவில்லை. மழையாயிற்றே என்று விட்டேன். கறுப்பு டீ போட்டேன், பாதியில் கொட்டிவிட்டேன். சமைக்கத் தோன்றவில்லை. மறுநாள் மழை விட்டிருந்தது. அன்றைக்கும் தட்டு இல்லை. இருட்டிக்கொண்டு வந்தது. நான் கேட்டையே பார்த்தபடி கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். நான் எதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தண்ணீரோ வெயிலோ மூச்சோ இல்லை. அந்த இரண்டு தட்டுதான் இத்தனை நாளும் என்னை நடத்தியிருக்கிறது. பக்கத்தில் கிடந்த போன் மணியடித்து, 'இன்று அமைதியாக இருந்தீர்களா?' என்று கேட்டது. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தேன். கொழுந்தனுக்குப் போன் செய்தேன், மணி போனது, எடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

தனியாக இருக்கிற மனிதர். உள்ளே விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும்? முன்னால் இருக்கிற அடுக்குமாடியில் எந்தெந்த ஊரில் இருந்தோ வந்த குடும்பங்கள். பின்னால் ஒரு ஆள் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். ஆடி மாதத்து ஆட்டோ ஞாபகம் வந்தது.

அவருடைய தகரக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே விளக்கில்லை.

"தம்பி" என்றேன். பதிலில்லை.

"தம்பி, இருக்கீங்களா?" என்று உரக்கக் கேட்டேன். பதிலில்லை. கதவைத் தட்டினேன். "இருக்கீங்களா தம்பி?"

மழைத்தண்ணீர் ஓட்டில் இருந்து சொட்டிக்கொண்டிருந்தது. உயிரோடு இருக்கிறாயா என்று ஒரு மனிதரை எப்படிக் கேட்பது? அப்படிக் கேட்க எந்த இலக்கணத்தில் இடமிருக்கிறது? அந்த நேரத்தில்தான் என் வாயில் அது தானாக வந்தது. நான் யோசித்துச் சொல்லவில்லை.

"தம்பி, கீறீங்களா?"

உள்ளே கயிற்றுக் கட்டில் முனகியது. பிறகு கம்மிப்போன குரல் வந்தது.

"கீறேன், அண்ணி."

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் திறந்தது. போர்வையைச் சுற்றிக்கொண்டு, தாடியோடு நின்றார். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. "கூப்பிட்டது காதுல வியலியா தம்பி?" என்று கேட்டேன். இந்த முறை இந்த ஊர்ப் பேச்சு. நான் எந்தப் பேச்சில் பேசுகிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை.

"காதுல உய்ந்துச்சு அண்ணி. ஒரே ஜொரம், தலைய தூக்க முடில. 'இருக்கீங்களா'ன்னு கேட்டதும் கொரியர்காரன்னு நென்ச்சிகினேன். முன்னாடி பிளாட்டுக்கு வர்றவன் அல்லாம் இங்கதான் வந்து தட்டுவான்."

கஞ்சி வைத்துக் கொடுத்தேன். மாத்திரை போட்டார். சுவரில் அவர் அண்ணனின் படம் இருந்தது. காய்ந்த மாலை. அதன் கீழே, ஆணியில், ஒரு கறிவேப்பிலைக் கொத்து சருகாகித் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு அவர் சொன்னார்.

"அண்ணன் குட்த்தது. டெய்லி சாய்ந்தரம் கறிவேப்பில வாங்கிகினு இப்டிதான் வருவாரு. வாசல்லயே நின்னு, 'இன்னாடா, கீறியா?'ம்பாரு. 'கீறேண்ணா'ம்பேன். அவ்ளோதான், ஒரு கொத்து குட்த்துட்டுப் பூடுவாரு. உள்ளகூட வரமாட்டாரு. அண்ணி தனியா கீதுன்னு ஓடுவாரு." கஞ்சித் தட்டைக் கீழே வைத்தார். "அவரு போனதுலேந்து யாரும் கேக்கல அண்ணி. நீங்கதான் இன்னிக்கு."

மூலைக்கடைக்குப் போய்வர ஏன் அவ்வளவு நேரமாயிற்று என்பது புரிந்தது. அந்தக் கேள்வி எனக்கே எனக்கென்று வைத்திருந்தது என்றுதான் அத்தனை வருடமும் நினைத்தேன். அது இரண்டு வாசலில் கேட்கப்பட்ட கேள்வி. என் வாசலில் வந்து அதைக் கேட்ட இவருக்கும் அதே பசிதான் இருந்திருக்கும். அண்ணன் போனபிறகு தன்னை யாராவது கேட்பார்களா என்றுதான் முதலில் தானே வந்து கேட்டிருக்கிறார். அழுகை வந்தது. அடக்கவில்லை. அவரும் அடக்கவில்லை. ஒற்றை அறையில் இரண்டு பேரும் படத்தைப் பார்த்து அழுதோம்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, வகுப்பில் பலமுறை பிரித்துக் காட்டிய சொல் தானாகப் பிரிந்தது. இருக்கிறேன் என்பதில் 'இரு' பகுதி, 'ஏன்' விகுதி. பகுதி இல்லாமல் விகுதி தனியாக நிற்காது என்றுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இந்த ஊர்க்காரர்கள் அந்த 'இரு'வையே உதறிவிட்டார்கள். ஆனாலும் சொல் நிற்கிறது. நின்று, பதிலும் சொல்கிறது.

கொழுந்தனுக்கு உடம்பு தேறும்வரை நான்தான் சாயங்காலம் போனேன். போகும்போது மூலைக்கடையில் கறிவேப்பிலை வாங்கிக்கொள்வேன். கதவுக்கு வெளியே நின்று கேட்பேன். அவர் பதில் சொல்வார். பெங்களூர் போவதைப் பற்றி மகள் கேட்டபோது, "இங்க எனக்கொரு சோலி இருக்குட்டி" என்று சொல்லிவிட்டேன். என்ன சோலி என்று அவள் கேட்டாள். விளக்க முயன்றேன், அவளுக்குப் பாதிதான் விளங்கியது. அந்த ஆப்பை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன்.

நேற்றைக்கு முந்தின நாள் கொழுந்தன் எழுந்து நடமாடத் தொடங்கினார். சாயங்காலம் நான் அடுப்பில் சாம்பாரை வைத்துவிட்டு, வெகுநாள் கழித்துப் பச்சை மிளகாயையும் கத்தியையும் எடுத்தேன். கொண்டி கிளாங் என்றது. அப்புறம் சத்தமில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பால் பையைக் கையில் வைத்துக்கொண்டு, நான் போட்ட உத்தரவை மீறாமல், கேட்டருகில் ஊமையாக நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றேன். "கேளுங்க."

அவர் தயங்கினார். தொண்டையைச் செருமினார்.

"அண்ணி, கீறீங்களா?"

அதே குரல். கையில் மிளகாய், பாதி கீறினபடி. தேங்காய், மாங்காய், மூஞ்சி என்று பழைய பதில்களெல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவை என் கணவருக்குரியவை. வேறு யாருக்கும் என்னால் கொடுக்க முடியாது.

"கீறேன்" என்றேன்.

பால் பையைக் கேட்டில் மாட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு கொழுந்தன் சொன்னார், "இத்த கேக்க அண்ணன் இல்லியே அண்ணி."

இல்லைதான். நான் மிளகாயை முழுதாகக் கீறிச் சாம்பாரில் போட்டேன்.